வெட்டி ஒட்டிய கை

அந்தக் கைகளை அச்சுப் படத்தில்தான் பார்த்தேன். மேலிருந்து கீழாக இறங்கும் கறுப்பு எழுத்துகள். அவற்றின் மேலேயே, காகிதத்தில் வெற்றிடம் தேடாமல், செந்நிறத்தில் பதித்த இரண்டு உள்ளங்கைகள். பார்த்துப் பல மாதங்களாகிவிட்டன. விளக்கை அணைத்த பிறகும் அந்தச் சிவப்பு கண்ணுக்குள் நிற்கிறது. கையெழுத்தும் முத்திரையும் போதாதென்று ஒருவர் தன் தோலையே காகிதத்தில் அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஜப்பானின் 82ஆவது பேரரசர் கோதோபா. எழுதியது 1239ஆம் ஆண்டின் இரண்டாம் மாதம் ஒன்பதாம் நாள், ஓகி என்னும் தீவில். அதிலிருந்து பதின்மூன்றாம் நாள் இறந்துபோனார். கடிதத்தில் உள்ள செய்தி எளியது. தலைநகருக்குத் தெற்கே யோதோ ஆற்றின் பக்கம் தான் ஆசையாகக் கட்டி வாழ்ந்த மினாசே மாளிகையின் நிலத்தை நோபுனாரி, சிகானாரி என்னும் தந்தையும் மகனும் வைத்துக்கொள்ள வேண்டும், தன் காலத்துக்குப் பின் தனக்கான வழிபாட்டை அங்கே நடத்த வேண்டும். ஒருவகையில் சொத்துப் பத்திரம்தான். இன்றைக்கு அது மினாசேயிலேயே அவர் பெயரால் எழுந்த ஆலயத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக நாடுகடத்தப்பட்டிருந்த முதியவரின் கடைசி ஆசை என்று இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்தக் கை அதற்கு முன்னால் என்னென்ன செய்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்த ரேகைகளைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

சில காலம் ஒரு பத்திரிகையில் கவிதைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து குவிந்தவற்றைப் படித்து, எடுத்து, அடித்து, வரிசைப்படுத்தும் வேலை. அந்த வேலையில் நான் கண்டுகொண்ட ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. வேண்டாத ஒரு வரியின் மேல் கோடு இழுக்கும்போது கைக்கு ஒரு சுகம் வரும். கவிதை செம்மையாகிறது என்கிற மகிழ்ச்சியும் அதில் உண்டு. ஆனால் அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். இன்னொருவர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியதை இல்லாமல் ஆக்க முடிகிற சுகமும் அதில் கலந்திருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையை விட்டு வெகுநாளாகியும் இந்தச் சந்தேகம் போகவில்லை. கோதோபாவை மறுபடி மறுபடி படிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ரசனையும் அதிகாரமும் ஒரே கையில், ஒரே கத்தியில், இவ்வளவு முழுமையாகக் கூடிய இன்னொருவரை நான் அறியவில்லை.

கத்தி என்பதை உருவகமாகச் சொல்லவில்லை. 1201இல் அவர் அரண்மனையில் கவிதைக்கென்று ஒரு பணியகத்தைத் திரும்பத் திறந்தார். வாகாதோகொரோ என்று பெயர். ஆறு புலவர்களிடம் ஒரு புதிய தொகைநூலைத் தொகுக்கச் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பதினெட்டு நிரம்பும் முன்பே அரியணையை மகனுக்கு விட்டுக்கொடுத்து, ஓய்வுபெற்ற பேரரசராக, அதாவது சடங்குகளின் சுமை கழிந்த உண்மையான ஆட்சியாளராக ஆகியிருந்தார். பேரரசரின் ஆணையால் உருவான தொகைநூல்கள் அதற்கு முன் ஏழு இருந்தன. ஆணையிடுவதும் முடிந்ததும் வாங்கிப் பார்ப்பதும்தான் வழக்கம். இவர் அப்படி இருக்கவில்லை. தொகுப்பாசிரியர்கள் கொண்டுவந்து குவித்ததையெல்லாம் தானே மறுபடி படித்துத் தானே தேர்ந்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் பாடல்களும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன என்று பணியகத்தின் செயலராக இருந்த இயெனாகா எழுதிவைத்திருக்கிறார். நூலின் பெயர் ஷின் கொகின்ஷூ. முதல் அரச தொகைநூலான கொகின்ஷூ 905ஆம் ஆண்டுக்குரியது. சரியாக முந்நூறு ஆண்டுகள் கழித்து, அறுபதாண்டுச் சுழற்சியில் அதே பெயருள்ள ஆண்டு திரும்பிவந்த 1205இல் இதை முடித்தாக வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். முன்னுரையின் செம்மையான படி தயாராகவில்லை. ஆனாலும் மூன்றாம் மாதத்தில் விருந்து நடந்தது. தொகுப்பாசிரியர்களில் மிகப்பெரியவரான தெய்கா அதற்குப் போகவில்லை. இப்படியொரு விருந்துக்கு முன்மாதிரியே இல்லை என்பது அவர் கட்சி.

விருந்துக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது என்று தோன்றுகிறது. முடிந்துவிட்டதாகக் கொண்டாடிய நூலை அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் கோதோபா விடவே இல்லை. அந்தத் திருத்தத்துக்கு ஜப்பானிய மொழியில் கிரிட்சுகி என்று பெயர். வெட்டி ஒட்டுதல். நூல் என்றால் அங்கே நீளமான காகிதச் சுருள். ஒரு பாடலை எடுக்க வேண்டும் என்றால் சுருளை விரித்து, அந்த இடத்தில் காகிதத்தை அறுத்து, துண்டை நீக்கி, இரண்டு விளிம்புகளையும் பசையால் சேர்க்க வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கும் இதே வழிதான். பசை உலரும்வரை சுருட்டக் கூடாது. இன்று நுழைந்த பாடல் அடுத்த மாதம் வெளியே போகும், போனது திரும்ப வரும். ஆணை எப்போது வரும் என்று தெரியாது. ஒவ்வொரு பாடலும் முப்பத்தோர் அசை, ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். ஆனால் இந்தத் தொகையில் எந்தப் பாடலும் தனியாக நிற்பதில்லை. மூடுபனியில் தொடங்கினால் அடுத்த பாடலில் பனி கொஞ்சம் விலகும், அதற்கடுத்ததில் ஒரு பறவை வரும். இளவேனில் என்கிற ஒரு பருவமே பாடலுக்குப் பாடல் மெல்ல நகர்ந்து முதிரும். நடுவே ஒன்றை உருவினால் பருவம் ஒரு கணம் தடுக்கி விழும். அந்தத் தடுக்கலைக் கேட்கிற காது கோதோபாவுக்கு இருந்தது. இதை நான் மறுக்க மாட்டேன். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மொழியின் கவிதைக்கு உச்சமாக அதைக் கருதுகிறவர்கள் இருப்பதற்கு, அந்தக் காதும் ஒரு காரணம். அதே சமயம், அறுத்துப் போட்ட துண்டுகளில் எழுதியிருந்தவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். அரச தொகையில் ஒரே ஒரு பாடல் இடம்பெற்றால் ஒரு குடும்பத்துக்கே பெயர் நிலைக்கும் என்ற காலம் அது.

இந்தக் காதும் இந்தக் கையும் ஒருவருக்கு எங்கிருந்து வந்தன என்று கேட்டால் எல்லாரும் ஒரு வாளைக் காட்டுவார்கள். 1183இல் மூன்று வயதில் அவரை அரியணையில் உட்காரவைத்தபோது, அரசுரிமையின் மூன்று சின்னங்களும் இல்லை. ஆடி, மணி, வாள் மூன்றையும் அவருடைய மாற்றாந்தாயின் மகனான குழந்தைப் பேரரசர் அந்தோகுவோடு சேர்த்துத் தாய்ரா குலத்தார் மேற்கே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தான்-நோ-ஊரா கடற்போரில் அந்தோகு மூழ்கி இறந்தார். ஆடியும் மணியும் கிடைத்தன. வாள் கிடைக்கவில்லை. வாளில்லாத அரசராகவே கோதோபா வளர்ந்தார். பிற்பாடு நாட்டின் தேர்ந்த கொல்லர்களை மாதமொருவராக முறைவைத்து அரண்மனைக்கு வரவழைத்தார் என்றும், உலைக்கு முன் தானே நின்று காய்ச்சிய வாளைத் தோய்த்தார் என்றும் மரபு சொல்கிறது. அவர் கைபட்டதாகச் சொல்லப்படும் வாள்களில் பெயர் இல்லை. பிடியை ஒட்டிய பகுதியில் ஒரு செவ்வந்திப் பூ மட்டும். அரச குடும்பம் இன்றைக்கும் வைத்திருக்கும் செவ்வந்திச் சின்னம் அவருடைய அந்த ஆசையிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். கடலுக்குள் போன வாளைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார் என்று ஒரு விளக்கம் உண்டு. அழகான விளக்கம், அதனாலேயே எனக்குத் தயக்கம். ஒரு குறையைக் குழந்தைப் பருவத்தில் கண்டுபிடித்து அதிலிருந்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. பழுத்த இரும்பைத் தண்ணீரில் இறக்கும்போது எழும் சத்தம் அவருக்குப் பிடித்திருக்கலாம், அவ்வளவே. காகிதம் அறுபடும் சத்தம் பிடித்ததைப் போல.

குனாய்க்கியோ என்கிற பெண்ணை நினைக்காமல் இந்த நூலை என்னால் திறக்க முடிவதில்லை. முப்பது புலவர்களிடம் ஆளுக்கு நூறு பாடல் வாங்கி, இரண்டிரண்டாக மோதவிட்டு, ஆயிரத்து ஐந்நூறு சுற்றுகளில் ஒரு மாபெரும் கவிதைப் போட்டியை அக்காலத்தில் கோதோபா நடத்தினார். அதில் மூத்தவர்களுக்கு நடுவே இந்த இளம்பெண்ணையும் அவர் நிறுத்தினார். மற்றவர்கள் எல்லாம் பழுத்த கைகள், உன்னால் முடியும் என்று நம்பித்தான் சேர்த்திருக்கிறேன் என்று அவர் சொன்னதாகவும், அவள் முகம் சிவந்து கண் கலங்கியதாகவும் பிற்கால வரலாற்றுக் கதை ஒன்று சொல்கிறது. பணியகத்தில் அவளை அறிந்திருந்த காமோ நோ சோமெய் எழுதியது இதைவிட நெருக்கமாக இருக்கிறது. இரண்டு பெண் புலவர்கள் பாட்டுக் கட்டும் விதத்தை ஒப்பிடுகிறார். ஷுன்செய்யின் மகள் என்று அறியப்பட்டவர் நாள்கணக்கில் பழைய தொகைகளைப் படித்துவிட்டு, எழுதும் நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு, விளக்கை மங்கலாக்கி, ஆளரவமில்லாத இடத்தில் உட்கார்ந்து யோசிப்பார். குனாய்க்கியோ அப்படி இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசிவரை சுவடிகள் சுற்றிலும் விரிந்து கிடக்கும், குட்டைக் காலுள்ள விளக்கு முகத்துக்குப் பக்கத்தில் எரியும், தோன்றுவதையெல்லாம் குறித்துக்கொண்டு இரவும் பகலும் விடாமல் உழைப்பாள். உயிர் இருந்தால்தானே பாட்டு என்று தகப்பனார் கண்டித்தார். கேட்கவில்லை. ஒருமுறை நோயில் சாகப் பிழைத்தாள், பிறகு இறந்தே போனாள். இருபது வயதுக்குச் சற்று முன்பின். கோதோபா அவளுக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. பாராட்டினார், நம்பினார், வாய்ப்புக் கொடுத்தார். புரவலர் என்கிற சொல்லுக்குப் பொருள் அதுதான். அந்தக் குட்டை விளக்கின் சூடு அவள் முகத்தில் படுவதை நினைத்தால் அந்தச் சொல்லை வாய் நிறையச் சொல்ல எனக்கு வருவதில்லை. இதை எழுதிவைத்த சோமெய்யும் பணியகத்தில் இரவுபகலாக உழைத்தவர்தான். அவருக்கு ஓர் ஆலயப் பதவியைக் கொடுக்க கோதோபா விரும்பினார், உறவினர் ஒருவர் குறுக்கே நின்றார், வேறொன்றை ஈடாகத் தர அரசர் முன்வந்தும் சோமெய் ஏற்காமல் உலகைத் துறந்து போனார். பத்தடிக்குப் பத்தடிக் குடிசையில் இருந்து 1212இல் அவர் எழுதிய ஹோஜோகி இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது.

1207ஐத் தாண்டிப் போக மனம் வரவில்லை. கோதோபா குமானோ மலைத் தலங்களுக்கு யாத்திரை போயிருந்த சமயம் (வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட முறை போயிருக்கிறார்) அரண்மனைப் பெண்கள் சிலர் பௌத்தத் துறவி ஹோனென்னின் சீடர்கள் நடத்திய நாமவழிபாட்டில் மனம் கரைந்து துறவு பூண்டார்கள். திரும்பிவந்தவருக்குக் கோபம். ஜூரென், அன்ராகு ஆகிய துறவிகளின் தலைகள் போயின. எழுபதைத் தாண்டிய ஹோனென்னும் அவருடைய சீடர் ஷின்ரானும் தொலைவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். பருவத்தில் ஓர் அசை தடுக்கினால் கேட்கும் காது, இதில் எதையும் கேட்கவில்லை. ரசனை மனிதரைப் பண்படுத்தும் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இந்த ஆண்டுக்குப் பிறகு எனக்கு ஆதாரம் இல்லாமல் போய்விட்டது.

தெய்காவுக்கு வருகிறேன். 1200இல் கோதோபா நூறு பாடல் வரிசைக்குப் புலவர்களை அழைத்தபோது தெய்காவின் பெயரை எதிர் அணியினர் விட்டுவிட்டார்கள். தந்தை ஷுன்செய், எண்பத்தைந்து வயதைத் தாண்டியவர், அரசருக்கே நேரடியாகக் கடிதம் எழுதி மகனுக்காக வாதாடினார். இடம் கிடைத்தது. தெய்காவின் நூறு பாடல்களைப் படித்த கோதோபா மயங்கிப்போனார். அங்கே தொடங்கிய உறவு இருபது ஆண்டு நீடித்துக் கசந்து முறிந்தது. தெய்கா தன் நாட்குறிப்பில் குமானோ யாத்திரைக்குக் கூடப் போன உடல் வேதனையையும், முடிவில்லாத வெட்டி ஒட்டலையும் பற்றிப் புலம்புகிறார். தெய்காவின் தோட்டத்து வில்லோ மரங்கள் இரண்டை அரசரின் ஆட்கள் அரண்மனையில் நடுவதற்காகத் தோண்டிக்கொண்டு போனார்கள். 1220இன் இரண்டாம் மாதம் ஒரு கவிதைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. அன்று தாயின் நினைவுநாள், வர இயலாது என்றார். விடவில்லை. போனார். அவர் கொண்டுபோன பாடல் ஒன்றில் வில்லோவும் இருந்தது, மனக்குறையும் இருந்தது. கோதோபாவுக்கு அது தைத்தது. இனி என் கூட்டங்களுக்கு வராதே என்று தடுத்துவிட்டார். சுருளிலிருந்து ஒரு துண்டை அறுத்ததைப் போலத்தான் இதுவும். அடுத்த ஆண்டு போர் வந்து, அரசரோடு ஒட்டியிருந்தவர்கள் அழிந்தபோது, அறுத்து எறியப்பட்டிருந்த தெய்கா பிழைத்தார். அவருக்கு அதன் பிறகுதான் வாழ்வு உயர்ந்தது.

அந்தக் கையின் எழுத்து மிக இழிவாக இருப்பது 1221இல். ஐந்தாம் மாதம், கிழக்கே காமாகுராவில் இருந்த போர்வீரர் ஆட்சியின் தலைவர் ஹோஜோ யோஷிதோகியை ஒழிக்க ஆணை போட்டார். ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. கிழக்கிலிருந்து வந்த படை ஊஜி ஆற்றைக் கடந்து தலைநகருக்குள் நுழைந்தது. தோற்றுவந்த வீரர்கள் கடைசியாக அரசரோடு நின்று சாகலாம் என்று மாளிகை வாசலுக்கு வந்ததாகவும், கதவு திறக்கவில்லை என்றும் போர்க் கதை சொல்கிறது. பிறகு கோதோபா ஆணையைத் திரும்பப் பெற்றார். இது என் விருப்பத்தால் நடந்ததன்று, கீழே இருந்தவர்கள் செய்தது என்று பொருள்பட எழுதிக்கொடுத்தார். ஆணையை வரைந்த மிட்சுசிகா என்னும் பிரபுவைக் கிழக்கே கொண்டுபோகும் வழியில் கொன்றார்கள். போர் வேண்டாம் என்று அவர் அரசருக்குத் திரும்பத் திரும்ப எழுதிய கடிதங்கள் பின்னர்தான் அகப்பட்டன, வென்றவர்களே வருந்தினார்கள். ஏழாம் மாதம் கோதோபா தலையை மழித்தார். அதற்கு முன் நோபுசானே என்னும் ஓவியரை வரவழைத்துத் தன் உருவத்தை வரையச் சொல்லித் தாய்க்கு அனுப்பிவைத்தார். அந்தப் படமும் இன்று மினாசேயில் இருக்கிறது என்கிறார்கள். கறுப்புத் தொப்பி, சதைப்பற்றுள்ள முகம், அமைதியான கண்கள். தாய் 1228இல் இறந்தார். மகனை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

இனி ஓகி. பெருநிலத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் நாலைந்து தீவுகள். அவற்றில் நாகானோஷிமா என்னும் தீவில் ஒரு கோயிலையொட்டி அவரை வைத்தார்கள். முன்னாள் நடனக்காரியான காமெகிகு கூடவே போய் உடனிருந்தார். ஓகியில் இன்றும் காளைகளை மோதவிடும் விளையாட்டு உண்டு. அது கோதோபாவின் மனத்தைத் தேற்றுவதற்காக ஊரார் தொடங்கியது என்பார்கள். அங்கே அவரோடு ஷின் கொகின்ஷூ இருந்தது. 1235, 36 வாக்கில் அதை எடுத்து மறுபடி வெட்டினார். ஏறக்குறைய நானூறு பாடல்கள் போயின. ஆயிரத்து அறுநூறு அளவில் மிஞ்சியது. எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்றும், தன்னுடைய பாடல்களே முப்பதுக்கு மேல் அதில் நுழைந்திருந்தது தவறு என்றும் பின்னுரையில் எழுதினார். தன் பாடல்களையும் வெட்டினார்.

நெடுநாள் இந்த இடத்தில் நான் நெகிழ்ந்திருக்கிறேன். எல்லாவற்றையும் இழந்தவருக்கு உண்மையான கவிஞரின் கண் திறந்தது, ஒருவழியாகத் தன்னையே வெட்டிக்கொள்ளக் கற்றார் என்று. இப்போது அந்த நெகிழ்ச்சியை நான் நம்புவதில்லை. துன்பம் ஒருவரைத் தூய்மையாக்கும் என்பது துன்பப்படாதவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். தீவில் இருந்தபோதே எழுதியதாகப் பெரும்பாலும் கருதப்படும் அவருடைய கவிதையுரையைப் படித்தால் தெய்காவின் மீதான வன்மம் ஆறவே இல்லை. அவருடைய கைத்திறனுக்கு ஈடே இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் குணத்தைப் பக்கம் பக்கமாகப் பிய்க்கிறார். அதில் ஒரு செரிமரத்தைப் பற்றிய வழக்கு வருகிறது. அரண்மனைக் காவலில் ஏறக்குறைய இருபது ஆண்டு நின்றவர் தெய்கா. அந்த முற்றத்துச் செரிமரத்தின் கீழே ஒருமுறை, பதவி உயர்வில்லாமல் வயதேறியதை நினைத்து ஒரு பாடல் சொன்னார். கோதோபா அதைப் பெரிதும் விரும்பினார். அந்த இடம், அந்த இருபது ஆண்டு, மரத்தின் கீழ் நின்ற மனிதர், எல்லாம் சேர்ந்ததுதான் பாடல் என்பது அவர் எண்ணம். தெய்காவோ அதைத் தன் நல்ல பாடல்களில் ஒன்றாகவே ஒப்புக்கொள்ளவில்லை. சொற்கள் தம் காலில் நிற்க வேண்டும், சூழல் வந்து தாங்கக் கூடாது என்பவர். எனக்கு இருவரும் சரியாகவே படுகிறார்கள். ஆனால் தீவில் உட்கார்ந்து வெட்டும்போது கோதோபா என்ன செய்தார்? விருந்தும் போட்டியும் மாளிகையும் போய்விட்டன. குனாய்க்கியோ போய் முப்பது ஆண்டு. பாடல்களைத் தாங்கிய சூழல் எதுவும் இல்லாத இடத்தில், அலையோசையில், எந்தப் பாடல் தன் காலில் நிற்கிறது என்று பார்த்திருக்கிறார். அதாவது, வராதே என்று தான் தடுத்துவைத்த தெய்காவின் அளவுகோலைக் கையில் எடுத்திருக்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்குமா?

அதே இரண்டு மூன்று ஆண்டுகளில் தலைநகரில் தெய்காவின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவரிடம் ஒரு புதிய அரச தொகைநூல் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆணையிட்ட இளம் பேரரசர் 1234இல் இறந்துவிட, துக்கத்தில் வரைவைத் தன் முற்றத்தில் எரித்தார். வேறொரு படி கிடைத்து வேலை தொடர்ந்தது. அந்த வரைவில் கோதோபாவின் பாடல்களும், சாதோ தீவுக்கு அனுப்பப்பட்ட மகன் ஜுன்தோகுவின் பாடல்களும் இருந்தன. காமாகுராவின் மனம் கோணக் கூடாதென்று மேலிடத்தார் சொல்ல, நூறு பாடலளவுக்கு நீக்கப்பட்டன. 1235இல் நூல் முடிந்தபோது அதில் கோதோபா இல்லை. பழைய அரசர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா என்ற வேண்டுகோளும் அதே ஆண்டில்தான் காமாகுராவிடம் போய் மறுக்கப்பட்டது. தீவில் கோதோபா தன் பாடல்களை வெட்டுகிறார், தலைநகரில் தெய்காவும் அவர் பாடல்களை வெட்டுகிறார். ஒருவருக்கொருவர் கடிதம் இல்லை. கடைசிவரை கடிதம் எழுதியவர் தொகுப்பாசிரியர்களில் இன்னொருவரான இயெதாகா. எண்பதை நெருங்கிய அவர் 1236இல் தலைநகரத்துப் புலவர்களிடம் ஆளுக்குப் பத்துப் பாடல் வாங்கிக் கப்பலில் அனுப்ப, கோதோபா தீவிலிருந்தே எண்பது சுற்றுக்குத் தீர்ப்பு எழுதினார். மறு ஆண்டு இயெதாகா இறந்தார். நூறு புலவரின் நூறு பாடல் என்று தெய்காவின் பெயரால் வழங்கும் சிறு தொகையில், தொண்ணூற்றொன்பதாவது கோதோபா, நூறாவது ஜுன்தோகு. தெய்காவே சேர்த்தாரா, அவர் மகன் பிற்பாடு சேர்த்தாரா என்று அறிஞர்கள் இன்றும் தர்க்கிக்கிறார்கள். புத்தாண்டில் பிள்ளைகள் அந்தப் பாடல்களைச் சீட்டாக்கிப் பாயில் பரப்பி விளையாடுகிறார்கள். யாராவது முதலடியை வாசிக்க, ஒரு சின்னக் கை பாய்ந்து அந்தச் சீட்டை அடித்து எடுக்கிறது.

இறந்த பிறகு அவருக்கு முதலில் கெந்தோகு என்று பெயர் வைத்தார்கள். அவர் ஆவி கோபத்தில் அலைகிறது என்ற அச்சம் பரவ, 1242இல் அதை மாற்றினார்கள். பிற்காலத் தோபா என்று பொருள்படும் கோதோபா என்கிற பெயர் அப்படி வந்தது. அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அவரை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. இவ்வளவு நேரம் நான் கூப்பிட்டதும் அவர் அறியாத ஒரு பெயரில்தான்.

ஓகியில் வெட்டிய நூலைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று மிச்சமிருக்கிறது. அதைப் படியெடுத்தவர்களில் பலர் நானூறு பாடல்களை விட்டுவிட்டு எழுதவில்லை. முழு ஷின் கொகின்ஷூவையும் எழுதி, எது தீவில் நின்றது, எது போனது என்று பாடல்களின் தலைமாட்டில் சின்னச் சின்னக் குறி இட்டார்கள். ஒரு சாய்ந்த கோடு, அவ்வளவுதான். சுவடிக்குச் சுவடி குறிகள் வேறுபடுவதால் அவர் எதையெல்லாம் வெட்டினார் என்று அறுதியிடுவதே கடினமாகிவிட்டது. வெட்டுப்பட்ட பாடல், கோட்டுக்குப் பக்கத்தில், முழுதாக இருக்கிறது. அந்தக் கடிதத்தின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வலது உள்ளங்கை பதிந்த இடத்தில் சிவப்பு சீராக இல்லை. சில இடத்தில் திட்டாக, சில இடத்தில் தேய்ந்து. அதற்கு அடியில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிகிறது.